தம்பி தேர்ந்தெடுத்த எண்

"செட்டை நீங்களே வச்சுக்கங்கம்மா. சிம்மை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போனாப் போதும்."

"சார், அது என் நம்பர் சார்."

"யாரும்மா இல்லேன்னாங்க? ஆனா ஊருக்கெல்லாம் அது நம்ம கம்பெனி நம்பரு. வாடிப்பட்டியில இருந்து திருமங்கலம் வரைக்கும் எம்புட்டு வீட்டுல இன்வெர்ட்டர் பெட்டி மேல ஒட்டியிருக்கு. அம்புட்டையும் நான் வீடு வீடாப் போயி உரிச்சுக்கிட்டு இருக்க முடியுமா, சொல்லுங்க."

மைக்கேல்ராஜ் இதைக் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒளிமதி இன்வெர்ட்டர்ஸ் என்ற சின்னக் கம்பெனியை நடத்தும் அவர் யாரிடமும் குரலை உயர்த்துகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் காணிக்கைத் தட்டை ஏந்தி வரிசை வரிசையாக நகர்கிறவர். இப்போதும் வலது கையை அப்படித்தான் மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார். அதில் ஸ்வப்னா சிம்மை வைக்க வேண்டும்.

மேசை ஓரத்தில் புதுச் செல்போன் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருந்தது. கம்பெனி தொடங்கியதற்கப்புறம், வேலை செய்கிறவர்களுக்கென்று வாங்கிய முதல் செல்போன் அதுதான். பக்கத்தில் பெர்சி உட்கார்ந்திருந்தாள். மைக்கேல்ராஜின் அக்கா மகள், இந்த வருஷம்தான் காலேஜ் முடித்தவள். இனிமேல் ஸ்வப்னாவின் நாற்காலி அவளுக்கு. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அட்டைப்பெட்டியின் பாலிதீன் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டு நிக்கச் சொல்றீங்க, நின்னுக்கிறேன் சார். நம்பரை மட்டும் கேக்காதீங்க."

"அப்படி என்னதாம்மா இருக்கு அந்த நம்பர்ல?"

எங்கே தொடங்குவது என்று தெரியாமலே ஸ்வப்னா சொல்லத் தொடங்கினாள்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது அவள் தம்பி ராஜேஷ்குமார். செல்லூரில் விசைத்தறிகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போய், முதல் சம்பளம் வாங்கிய கையோடு, செல்போன் வாங்கித் தர அக்காவை டவுன்ஹால் ரோட்டுக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் காட்டிய எண்களை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், ஏதோ பாட்டுக்கு மெட்டுத் தேடுகிறவன் மாதிரி. கடைசியில் ஒன்று பிடித்துவிட்டது. "இது போதும். இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன்" என்றான். அவனுக்கு வேறு எந்த எண்ணும் மனதில் தங்கியதில்லை. தன் சைக்கிளின் எண் பூட்டைத் திறக்கத் தெரியாமல் கல்லால் உடைத்தவன் அவன்.

அதை அவன் தமிழில் சொல்லவில்லை. செல்லூரில் அவர்கள் சந்து முழுக்கப் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் சொன்னான். அக்காவும் தம்பியும் பிறந்ததிலிருந்து ஒருவரோடொருவர் தமிழில் பேசிக்கொண்டதே கிடையாது. தமிழ் பள்ளிக்கூடத்துக்கு, பஸ்ஸுக்கு, கடைக்கு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அடுத்த வருஷம் அவன் வெளியூர்த் தறிக்குப் போகிறேன் என்றான். அப்பா துளசிராம் கையை ஓங்கினார். தடுக்கப் போன ராஜேஷ் கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டான். அப்பா தண்ணீர்க் குடத்தின் மேல் போய் விழுந்தார். மூக்குக்கண்ணாடி நசுங்கியது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ராஜேஷ் தன் இரண்டு கைகளையும் பார்த்த பார்வையை ஸ்வப்னாவால் மறக்க முடியவில்லை. வேறு யாருடைய கைகளோ தன் தோளில் முளைத்துவிட்டதைப் போலப் பார்த்தான். செருப்புக்கூடப் போடாமல் சந்தில் இறங்கி நடந்தான். அவ்வளவுதான், திரும்பவில்லை.

அவன் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. அம்மா ராதாமணி பேரை எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்வப்னா வந்ததும் முதலில் அவள் கையிலிருக்கும் செல்போனைப் பார்ப்பாள், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டுக்கு வேறு போன் கிடையாது. அவனுக்குத் தெரிந்த எண்ணும் வேறு கிடையாது. அவன் என்றைக்காவது வீட்டுக்குத் திரும்பி வரக்கூடிய பாதை அந்தப் பத்து இலக்கம்தான்.

ஒளிமதியில் அவள் வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம்தான். இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் புகார் சொன்னால் கேட்டு, சர்வீஸ் மெக்கானிக் மருதுவை அனுப்ப வேண்டும். அதற்கு மைக்கேல்ராஜின் அறையில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. நாலுவழிச் சாலை போடத் தோண்டியதில் அதன் கேபிள் அறுந்துபோனது. சாலை போடுகிறவர்கள் போன்காரர்களைக் கை காட்டினார்கள். போன்காரர்கள் சாலை போடுகிறவர்களைக் கை காட்டினார்கள்.

"ஸ்வப்னா, கேபிள் சரியாகுற வரைக்கும் உங்க நம்பரைக் குடுத்து வைப்போமா? ரெண்டு நாள்தான்" என்று கேட்டார் மைக்கேல்ராஜ்.

அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். கப்பலூரில் மற்றக் கம்பெனிகளில் பொம்பளைப் பிள்ளைகள் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும். இங்கே அதை நாள் முழுக்கக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிச் சம்பளமும் தருகிறார்களே என்று நினைத்தாள். கேபிள் சரியாகவே இல்லை. அடுத்து அச்சடித்த ஸ்டிக்கர்களில் அவள் எண்தான் இருந்தது. டாப்-அப் போடுவதும் அவள்தான். வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவதும் அவள்தான்.

மருதுவுக்கும் அதே கதைதான். அவர் போவது அவருடைய டிவிஎஸ்ஸில், அதற்கு அவருடைய பெட்ரோல். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் மீட்டர்கூட அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான்.

"தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம்" என்பார் டீ குடித்துக்கொண்டே. "இந்தாளு நம்மள வேலைக்கு வச்சிருக்காரா, இல்ல நம்ம சாமானை வேலைக்கு வச்சிட்டு நம்மளைத் தொணைக்கு வச்சிருக்காரா?"

போனை எடுத்ததும் எப்படிப் பேச வேண்டும் என்று மைக்கேல்ராஜே சொல்லிக்கொடுத்தார். 'வணக்கம், ஒளிமதி இன்வெர்ட்டர்ஸ், சொல்லுங்க.' சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும், முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பு போனில் தெரியும் என்றார். ஸ்வப்னா அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்தும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்குள் மெல்லிய, மேலேறிய இன்னொரு குரல் உண்டாகிவிட்டது. அந்தக் குரலுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை.

"ரயில்வே ஸ்டேஷன்ல பேசுற பொம்பள மாதிரியே இருக்கு தாயி" என்று சிரிப்பார் மருது. "அப்படியே திண்டுக்கல் வண்டி எந்தப் பிளாட்பாரம்னும் சொல்லிரு."

பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. செல்போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ராஜேஷ் சான்று எதுவும் கொடுத்து வாங்கியிருக்கவில்லை. வீட்டில் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். "அவன் வாங்கின சாமானுக்கு என் கார்டா?" என்று கேட்டுவிட்டு அப்பா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஸ்வப்னா கப்பலூருக்கு அழுதுகொண்டே போனாள். மைக்கேல்ராஜ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கம்பெனிப் பேரில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார். எண் பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த விநாடியில்தான் எண் தன்னுடையதாக இல்லாமல் போனது என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம்தான் மின்வெட்டு தலைவிரித்து ஆடத் தொடங்கியது. கடைக்காரர்களும் டாக்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எங்கே கரண்ட் போனாலும் அங்கிருந்து அழைப்பு வந்தது. வாடிப்பட்டியிலிருந்து அடித்தால் வாடிப்பட்டி இருட்டு. சோழவந்தானிலிருந்து அடித்தால் சோழவந்தான் இருட்டு. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி முழுதும் துண்டு துண்டாக அணைவதையும் எரிவதையும், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு காதாலேயே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் வானத்தில் உட்கார்ந்து ஊர்களை ஊதி ஊதி அணைக்கிறார் என்றும், அணைந்த ஒவ்வொரு ஊரும் தன்னைக் கூப்பிட்டு முறையிடுகிறது என்றும் தோன்றும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் இருட்டு. அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை.

அத்தனை அழைப்புகளுக்கு நடுவில் பேசாமல் வைத்துவிடுகிறவையும் இருந்தன. டவர் கிடைக்காமல் போவது, காசு தீர்ந்துபோவது என்று அதற்கு ஆயிரம் காரணம். அவள் கண்டுகொள்ளவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் பஸ்ஸில் பெரியார் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அழைப்புப் பட்டியலை அழிக்கும்போது, பழக்கமில்லாத எஸ்டிடி கோடோடு ஒரு நீள எண்ணைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த அழைப்பு அது. அன்றைக்கு எடுத்ததும், பேசியதும், பதில் இல்லாததும் ஞாபகம் வந்தன. லாரிகள் போகிற சத்தம் கேட்டதும் ஞாபகம் வந்தது. அந்த எண்ணைத் திருப்பி அழுத்தினாள்.

எடுத்தவர் ஒரு டெலிபோன் பூத்காரர். ஊர் இச்சல்கரஞ்சி, மகாராஷ்டிரத்தில் தறிகள் ஓடுகிற ஊர் என்றார். அவர் மராத்தியில் பேசினார், அவள் தன் வீட்டு மொழியில் கேட்டாள். அந்த இரண்டு மொழிகளும் தூரத்துச் சொந்தக்காரர்களைப் போல. முகச்சாயல் தெரிகிறது, ஆள் யாரென்றுதான் சட்டென்று பிடிபடவில்லை. ஆனாலும் பொறுமையாகச் சொல்லி விளங்க வைத்தார்.

தறிக்காரப் பையன், மதுரைப் பக்கம். ஆமாம், தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருவான். அக்காவுக்குப் போன் என்பான். முதல் தடவை ஒரு வேலை நாளில் கூப்பிட்டபோது யாரோ ஆம்பளை எடுத்தானாம். அப்புறமெல்லாம் ஏதோ கம்பெனிப் பொம்பளை. அக்கா நம்பரை யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பான். இதுதான் கடைசி என்பான். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து அதே நம்பரைப் போடுவான், கேட்பான், வைத்துவிடுவான். போன வாரம் அவன் வேலை செய்த ஷெட்டை மூடிவிட்டார்கள். எல்லாப் பையன்களும் வேறெங்கோ போய்விட்டார்கள்.

"எங்கே?"

தெரியாது என்றார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நீ அவன் அக்காவா? அப்படியானால் அந்தக் கம்பெனிப் பெண் யார்?"

பஸ் பழங்காநத்தத்தில் நின்று கிளம்பியது. முதல் தடவை எடுத்த ஆம்பளை மருதுவாக இருக்க வேண்டும். அவள் சாப்பிடப் போகும்போது அவர்தான் எடுப்பார். 'ஒளிமதி, சொல்லுங்கண்ணே' என்பார். அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் அவள்தான். தம்பி அவளைத்தான் கேட்டிருக்கிறான், அவளுடைய குரலைத்தான் கேட்டிருக்கிறான், அதிலே அக்கா இல்லை என்று போனை வைத்திருக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து கேட்டே இராத குரல் அது.

வீட்டில் அம்மா செல்போனைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஸ்வப்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் எதைச் சொல்வது? உன் மகன் கூப்பிட்டான், நான்தான் சிரித்த முகத்தோடு விரட்டினேன் என்றா?

மறுநாளிலிருந்து அவளால் அந்த வணக்கத்தைச் சொல்ல முடியவில்லை. போன் அடித்ததும் வீட்டுக் குரலில், வீட்டு மொழியில், "யாரு, ராஜேஷா? நான் அக்கா பேசுறேன், வச்சிராதே" என்றுதான் வந்தது. எந்த அழைப்பு அவனுடையதாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு ஊர், இன்னொரு பூத், இன்னொரு கோடு. அந்தப் பக்கம் தமிழ் கேட்டால் சுதாரித்துக்கொண்டு, "சொல்லுங்க, ஒளிமதிதான்" என்பாள். அதற்குள் பாதிப் பேர் தப்பான நம்பர் என்று வைத்துவிட்டிருப்பார்கள்.

வாடிப்பட்டி ரைஸ்மில் அழகுமலை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நேராகக் கப்பலூருக்கே காரை விட்டு வந்து இறங்கினார்.

"என்ன மைக்கேலு, ஆபீஸை வடநாட்டுக்கு மாத்திட்டியா? எந்நேரம் அடிச்சாலும் ஒரு இந்திக்காரப் புள்ள அழுவுது. என் பேத்தி காது குத்துல பெட்டி பீப்பு பீப்புன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சுய்யா. வந்தவம் பூராம் இருட்டுக்குள்ள கறிச்சோத்தைத் தடவித் தடவித் தின்னாங்ய. ஒருத்தன் பக்கத்து இலையில தின்னுட்டுப் போயிட்டான்!"

தொழிற்கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருதுவும் சிரித்தார். ஸ்வப்னாவும்கூடச் சிரித்ததாகத்தான் ஞாபகம். அது நடந்தது முந்தாநாள்.

இதையெல்லாம் அவள் இப்போது மைக்கேல்ராஜிடம் சொல்லி முடித்தாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அப்பாவைத் தள்ளியதையும், முதல் தடவை போனை எடுத்தது யார் என்பதையும் விட்டுவிட்டாள். மைக்கேல்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லாத்தி வைத்த கை மட்டும் அப்படியே இருந்தது.

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. நான் ஜெபம் பண்றேன்."

"சார், நான் சம்பளம் இல்லாம இங்கயே இருந்துக்கிறேன். இனி ஒழுங்கா வணக்கம் சொல்றேன். பேசாம இருக்கிற போனுக்கு மட்டும் எங்க பாஷையில ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"உங்களால முடியாதும்மா. அந்தப் போன் அடிச்சாலே உங்க முகம் மாறிப்போகுது, நான் பாக்கத்தானே செய்றேன். பத்துக் குடும்பம் இந்தக் கம்பெனியை நம்பிச் சாப்பிடுது. அந்த நம்பர் நம்ம வாசக்கதவு மாதிரி. கதவைத் தட்டுறவங்களை வேற பாஷையில அழுது அனுப்ப முடியுமா?"

"அப்ப அவன் தட்டுறதுக்கு, சார்?"

மைக்கேல்ராஜ் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார்.

"மறைச்சுச் சொல்றது எனக்குப் பழக்கமில்ல. அது கம்பெனி பேர்ல இருக்கிற கனெக்ஷன். டூப்ளிகேட் சிம்முக்கு நேத்தே எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு வந்துரும். வந்துச்சுன்னா உங்க கையில இருக்கிறது தானாச் செத்துப் போயிரும். நீங்களாக் குடுத்தா உங்களுக்கும் மரியாதை, எனக்கும் ஒரு நாள் மிச்சம். அவ்வளவுதான்."

தானாச் செத்துப் போயிரும் என்று அவர் சொன்னது எந்தக் கெட்ட எண்ணத்திலும் இல்லை. கரண்ட் போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வாசலில் மருது நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய மீட்டர் இருந்தது. அதன் ஒயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். முதல் தடவை போனை எடுத்தது தான்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்வப்னா சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.

"குடுத்துரு தாயி" என்றார் தரையைப் பார்த்து. "என்னைக்காவது என்னையும் வண்டியை விட்டுட்டு நடந்து போடான்னுதான் சொல்லப் போறாங்க."

"மருது!" என்றார் மைக்கேல்ராஜ்.

"சும்மாதான் சொன்னேன் சார்."

ஸ்வப்னா செல்போனைத் திருப்பினாள். பின்மூடி தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ராஜேஷ் வாங்கிய அன்றைக்கு ஒட்டிய பூ ஸ்டிக்கரில் காம்பு மட்டும் மிச்சம். மூடியைத் தள்ளினாள், பேட்டரியை நகத்தால் நெம்பினாள். இப்போது அவன் கூப்பிட்டால் என்ன கேட்கும் என்று நினைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று, அவளைவிடவும் இனிமையாக ஒருத்தி தமிழில் சொல்லுவாள். அதைக் கேட்டு எந்த ஊரிலோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இதுதான் கடைசி என்பான். இந்தத் தடவை நிஜமாகவே கடைசியாக இருக்கும்.

சிம் விரல்நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை மைக்கேல்ராஜின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் "தேங்க்ஸ்மா" என்றார். வைத்திருந்து பார்க்கவில்லை. அப்படியே பெர்சியின் பக்கம் நீட்டினார்.

பெர்சி புதுச் செட்டைத் திறந்து அதைச் செருகினாள். முதலில் தலைகீழாகச் செருகிவிட்டு, எடுத்துத் திருப்பிச் செருகினாள். விளக்கு எரிந்தது. திரையில் டவரைத் தேடிக்கொண்டிருக்கும் அடையாளம் சுழன்றது. மைக்கேல்ராஜ் ஸ்வப்னாவுக்கு அனுபவ சர்ட்டிபிகேட் டைப் பண்ணச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மருதுவும் அவர் பின்னால் போனார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும்.

பெர்சி ஒரு துண்டுத்தாளைப் பார்த்து உதட்டுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். வணக்கம், ஒளிமதி இன்வெர்ட்டர்ஸ், சொல்லுங்க. வணக்கம், ஒளிமதி இன்வெர்ட்டர்ஸ், சொல்லுங்க. மெல்லிய, மேலேறிய குரல் அவளுக்கும் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

ஸ்வப்னா பையைத் தோளில் மாட்டினாள். காலி செட்டை உள்ளே போட்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். திரையில் டவர்க் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

"பெர்சி" என்றாள். "சில சமயம் நீங்க எடுத்தா அந்தப் பக்கம் யாரும் பேச மாட்டாங்க. லாரிச் சத்தம், இல்லேன்னா தறிச் சத்தம், ஏதாவது கேக்கும். அப்படி ஒண்ணு வந்தா உடனே வச்சிராதீங்க. வணக்கம்னும் சொல்லாதீங்க. ஸ்வப்னா இங்கதான் இருக்கான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்றீங்களா?"